முப்பது நாளும் நாலு மணி நேரமும்



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். "கோலாலம்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?"

முன் வரிசையில் இருந்த ஒரு பையன் பட்டென்று எழுந்து, "நாலு மணி நேரம், சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நான் கேட்டது தூரம், அவன் சொன்னது நேரம். சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். "இல்ல சார், ஏழு நாளுன்னு எங்க பாட்டி சொன்னாங்க" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே கடல், ஒரே தூரம். ஒருவருக்கு நாலு மணி, இன்னொருவருக்கு ஏழு நாள். இது எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வரலாற்று ஆராய்ச்சியாளன் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரணத் தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆகவே எளிமையாகவே சொல்கிறேன்.

தூரம் எவ்வளவு?

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வான்வழியாக ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். நம் நாட்டின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 770 கிலோமீட்டர். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர்கள் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்துக்கும், அவர்கள் வந்து இறங்கிய பினாங்குக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடல் இருக்கிறது.

சோழர் காலத்திலும் இதே தூரம்தான்; வெள்ளைக்காரன் காலத்திலும் இதே தூரம்தான். மாறியது காலம் மட்டுமே. அந்தக் கதையை மூன்று பகுதியாகச் சொல்லலாம்: காற்றின் காலம், நிலக்கரியின் காலம், விமானத்தின் காலம்.

காற்றின் காலம்

மாணவர்களே! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் போயிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இட்சிங் என்ற சீனத் துறவி, இந்தியாவுக்குப் போன புத்த பிக்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பிக்கு கெடாவிலிருந்து மேற்கே 30 நாள் கடலில் சென்று நாகப்பட்டினம் சேர்ந்ததாகக் குறித்திருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,300 கிலோமீட்டரை 30 நாளில் கடந்தால் ஒரு நாளைக்கு 77 கிலோமீட்டர். அதாவது மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு நம் அம்மாமார்கள் நடந்து போகிற வேகம்கூட அந்தக் கப்பலுக்கு இல்லை!

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. பாய்மரக் கப்பல் நினைத்த நேரத்தில் போக முடியாது. இங்கிருந்து மேற்கே போக வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். அங்கிருந்து கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். ஒரு காற்றில் போனவன் மறு காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். ஆகவே பயணம் முப்பது நாள் என்றாலும், போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் கணக்கு வைக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் இருந்த ஊர்களில் வாணிபம் வளர்ந்தது, வழிபாட்டு இடங்களும் எழுந்தன. கெடாவில் மெர்போக் ஆற்றங்கரையை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பழைய கோயில்களின் அடித்தளங்களைப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் இருந்தது. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்ததும் இந்தக் கடலின் மேல்தான். கடாரம் என்பது நம் கெடாவே.

நிலக்கரியின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. நிலக்கரி எரித்தால் போதும். காற்றைக் கேட்க வேண்டியதில்லை. காற்றுக்குக் காத்திருந்த காலம் போய், கப்பல் அட்டவணை பார்க்கும் காலம் பிறந்தது.

இந்தக் கப்பல்கள்தாம் நம் பாட்டன் பூட்டன்மாரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. வந்த தொழிலாளரின் கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே ஆட்களைச் சேர்த்து, மருத்துவர் பார்த்து, கப்பலேற்றினார்கள். பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் 'கொரண்டைன்' என்று சொல்வது அதைத்தான்.

கப்பல் என்றவுடன் நம் பெரியவர்கள் வாயில் வரும் பெயர் 'ரஜுலா'. 1926-இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட இந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற இன்றைய கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டு காலம் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடமே வீடு.

இப்போது அந்தச் சிறுமியின் பாட்டி சொன்ன 'ஏழு நாள்' சரியா என்று பார்ப்போம். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆக, மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். நல்ல வாலிபன் சைக்கிளை வேகமாக மிதித்தால் அந்த வேகம் வரும். ஆனால் சைக்கிள்காரன் களைத்துவிடுவான். கப்பல் இரவும் பகலும் போகும். 2,300-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 104 மணி நேரம். நாலு நாளும் எட்டு மணி நேரமும்! இதோடு சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் நின்று, படகில் வந்த ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி, பினாங்கிலே இறக்கி, அப்புறம் கிள்ளான் வருவதைக் கூட்டுங்கள். ஏழு நாள் ஆகாமல் என்ன செய்யும்? பாட்டி சொன்னது சரியே.

முப்பது நாள் ஏழு நாளாகச் சுருங்கியதே, இது பெரிய முன்னேற்றமல்லவா என்று கேட்பீர்கள். முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஏழு நாள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இங்கே என் குடும்பத்துக் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். உங்களில் பலருடைய கதையும் இதுவாகவே இருக்கும்.

என் தாத்தா 1937-இல் தம் தகப்பனாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவருக்கு ஏழு வயது. அவருடைய அம்மா கைக்குழந்தையான தங்கையோடு ஊரிலேயே தங்கிவிட்டார். "அடுத்த வருசம் நாங்களும் வந்துடுறோம்" என்பது பேச்சு. அடுத்த வருடம், 1938-இல், மலாயாவுக்குக் கட்டணம் கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. சொந்தக் காசில் இரண்டு பேரை அழைத்துவரத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குள் 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1945 வரை கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அந்தச் சமயத்தில் நாகப்பட்டினம் எத்தனை மணி நேரத் தூரம்? அளக்க மணிக்கணக்கே இல்லை. 1953-இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்ததும், புதிதாக வந்து குடியேறுவது இன்னும் கடினமாயிற்று.

1961-இல் ஒரு நாள் தோட்ட ஆபீசுக்குத் தந்தி வந்தது. கிராணி தாத்தாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். ஊரில் அம்மா தவறிவிட்டார். தந்தி ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால் கப்பல் எப்போது? அடுத்த கப்பல் வந்து, ஏறி, ஏழு நாள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தாத்தா அன்று சாயங்காலம் தோட்டத்து ஆற்றங்கரையில் மொட்டையடித்துக்கொண்டு, மேற்கே பார்த்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாராம். மறுநாள் விடியற்காலை பிரட்டுக்குப் போய் மரம் சீவினாராம். "வேற என்னடா செய்யிறது?" என்று அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஏழு வயதில் பார்த்த அம்மாவின் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

எதிர்த் திசையிலும் கப்பல் போயிற்று என்பதை மறக்கலாகாது. 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை விழுந்தபோது வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் 'பெர்மிட்' வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தபோது, மறுபடியும் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். நாற்பது வருடம் இங்கே உழைத்தவர்களும் அதில் இருந்தார்கள். பினாங்குத் துறைமுகத்தில் அண்ணன் கப்பலில், தம்பி கரையில். தூரம் என்ன என்பதை அன்று கையசைத்தவர்களிடம் கேட்க வேண்டும்.

'ரஜுலா' 1973-இல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்ற கப்பலும் இதே வழியில் ஓடியது. 1972-இல் வாங்கப்பட்ட 'எம்.வி. சிதம்பரம்' நம்மில் பல அம்மா அப்பாமாருக்குத் தெரிந்த கப்பல். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை போகும் வழியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் மாண்டனர். அதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து ஓய்ந்தது.

விமானத்தின் காலம்

விமானம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. அது கடிதம் சுமந்த விமானம். ஆள் சுமந்தது அல்ல. 1954-இல் ஏர் இந்தியா சிங்கப்பூருக்குப் பயணிகள் விமானம் விடத் தொடங்கியது. இங்கே, 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1998-இல் சிப்பாங்கில் இப்போதுள்ள பெரிய விமான நிலையம் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் விமானம் என்பது தோட்டத்து ஆட்களுக்கு அண்ணாந்து பார்க்கிற பொருளாகவே இருந்தது. தலைக்குமேல் விமானம் போய்க்கொண்டிருந்த காலத்திலேதான் நம்மவர்கள் கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகே தோட்டத்துக் குடும்பங்கள் பல விமானத்தில் கால் வைத்தன. இன்று சென்னைக்கும் பறக்கலாம், திருச்சிக்கும் நேரே பறக்கலாம்.

மாணவர்களே, இப்போது அந்தப் பையனின் 'நாலு மணி நேரம்' சரியா என்று பாருங்கள். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,600-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். தரையில் உருண்டு, மேலே ஏறி, கீழே இறங்கி, வாசலில் நிற்பதற்கு மீதி நேரம். மூன்றே முக்கால் மணியிலிருந்து நாலு மணி. அவன் சொன்னதும் சரியே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் 3 மணி 50 நிமிடம் பறந்தால், சென்னையில் கடிகாரம் காலை 10.20 காட்டும். ஒரு மணி இருபது நிமிடத்தில் போய்விட்டோமா? இல்லை. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திரும்பி வரும்போது இதே பயணம் ஆறு மணி இருபது நிமிடம் போலத் தெரியும். பெரியவர்கள் சிலர், "எங்க காலத்துல ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. 1982 சனவரி முதல் நாளில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். சூரியனை வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 21½ பாகை. பாகைக்கு நாலு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள்.

நாலு மணி நேரமும் போதாத இடம்

இனி கதையின் மறுபாதிக்கு வருகிறேன். 2016-இல் ஒரு காலைப் பொழுதில் என் அப்பாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. தாத்தாவின் தங்கை, அன்று கைக்குழந்தையாக ஊரில் தங்கிவிட்டவர், இறந்துபோனார். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். "நாமாவது போவோம்" என்றார் அப்பா.

இப்போது நாலு மணி நேரம்தானே! அன்று இரவே பறந்திருந்தால் எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் விசா கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. நாலு மணி நேரத்தில் சென்னையில் இறங்கினோம். அங்கிருந்து நாகப்பட்டினம் சுமார் 300 கிலோமீட்டர். பேருந்தில் விடிய விடிய எட்டு மணி நேரம். அதாவது கடலைக் கடந்த நேரத்தைப்போல இரண்டு பங்கு! பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் இருந்தோம்.

ஊரில் யாருக்கும் எங்களை முகம் தெரியாது. எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் போனதும் சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. தோட்டத்து லயத்து வாசலில் நின்று எடுத்த படம். என் வயதுள்ள ஒருவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா, இத்தனை வருசமா வழி தெரியலயா?" என்றார். அப்பா பதில் பேசாமல் அழுதுவிட்டார்.

எங்களுக்கு அந்த வீட்டுக்கு வழி காட்டியது எது தெரியுமா? விமானம் அல்ல. தாத்தா பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த நீல நிற விமானக் கடிதங்கள். அவற்றின் பின்புறம் ஊர், தெரு, வட்டம் எல்லாம் இருந்தன. அந்த முகவரியை வைத்துத்தான் அப்பா அவர்களோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தார். கப்பலேற வசதி இல்லாத மனிதர், கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அந்த டின் இல்லாமல் போயிருந்தால், நாலு மணி நேர விமானம் எங்களைச் சென்னையில் இறக்கிவிட்டிருக்கும், அவ்வளவுதான். அப்புறம் எந்தப் பக்கம் போவது?

வகுப்பில் அன்று பாடம் முடிந்தபோது இன்னொரு கேள்வி கேட்டேன். "உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது?" விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கைகள் உயர்ந்தன. நாம் மலேசியர்கள், நம் வாழ்வும் வளமும் இந்த மண்ணில்தான். அதில் ஐயமில்லை. ஆனாலும் எந்தத் துறைமுகத்தில் ஏறி, எந்தக் கப்பலில் வந்து, எந்தத் தோட்டத்தில் முதல் மரம் சீவினோம் என்பது நம் வரலாறு. அது பாட நூலில் வராது. பாட்டி தாத்தா வாயில் மட்டும் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து போகிற காலம் இது. கப்பலில் வந்தவர்களில் நம்மோடு இருப்பவர்கள் மிகச் சிலரே.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருடம், எத்தனை நாள் என்று நாலே கேள்வி கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், கடிதம் எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டு வந்தால் படியெடுத்துத் தருகிறேன்.

முப்பது நாளை ஏழு நாளாக்கியது நீராவி. ஏழு நாளை நாலு மணியாக்கியது விமானம். ஊரின் பெயரையும் வீட்டின் முகவரியையும் காப்பாற்றுகிற வேலையை எந்த இயந்திரமும் செய்யாது. அது நம் கையில் இருக்கிறது.